குடவோலையும் கணக்கும்



கொடுமுடி பேரூராட்சியாதலின் இங்கே கட்சிச் சின்னங்களோடு தேர்தல் நிகழும். நாற்புறத்துச் சிற்றூர்களிலோ ஊராட்சித் தலைவரையும் உறுப்பினரையும் கட்சிச் சின்னமின்றியே தெரிந்தெடுப்பர். கட்சி கலவாத இம்முறைக்கு மூலம் சோழர்காலத்துக் குடவோலையே என்று நம் கூட்டங்களிற் பேசுவார் பலர். அக்கூற்று எத்துணைப் பொருந்துமென்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் முதற் பராந்தகனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்கள் உள்ளன, அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையிலெழுதிக் கட்டுகளாக்கிக் குடத்திலிட்டனர். முதியவரொருவர் குடத்தை யாவருங்காண ஏந்தி நிற்ப, ஒன்றுமறியாச் சிறுவனொருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை வேறொரு குடத்திற் குலைத்து, அதனின்றும் ஓரோலை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். விரல் மடங்கின் ஓலை மாறும் என்னும் ஐயம் போலும்! எத்துணைச் சூது கண்டபின் இவ்விதி செய்தனரோ?

எம்மை ஈர்ப்பது வேறொரு விதி. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடத்திற் புகலாகாது. அவனோடு அது நின்றதுமில்லை. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். ஒருவன் கணக்கு மறைப்பின் அவன் சுற்றமே அவனை இடித்துக் கேட்கும் நிலை இதனால் உண்டாயிற்று என்பது எம் கருத்து.

ஆயினும் அவ்வூர் பிராமணர்க்களித்த சதுர்வேதிமங்கலம். இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையும், வேதப்பயிற்சியும் உடையார்க்கே குடத்தில் இடமுண்டு. வயதும் 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாதல் வேண்டும். உழுதார்க்கும் நெய்தார்க்கும் பெண்டிர்க்கும் அங்கே ஓலையில்லை. நம் முன்னோர்க்குமில்லை. இதனை மறைத்துப் பெருமை பேசுதல் வரலாறாகாது.

கட்சியின்மை மட்டும் நடுவுநிலைமை ஆகாதென்பதற்கு அண்மைச் சான்றும் உளது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் தலைமைப்பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டமையின், 1996 முதற் பத்தாண்டுக்காலம் அம்முறை நிலைபெறவொட்டாது ஆதிக்கச் சாதியார் தடுத்தனர். 2006இலேதான் தேர்தல் முறையாக நடைபெற்றது. அங்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சின்னம் புகாவிடத்துச் சாதி புகுந்தது.

பிறரூரைப் பழித்து அமைதல் எமக்குத் தகாது. 2019 டிசம்பர்த் தேர்தலுக்கு முன், கொடுமுடிக்கு அணித்தான எம் சிற்றூரில் நம்மவர் ஒருவரையே நிறுத்துவதெனக் கூடி முடிவு செய்தபோது யாமும் கையுயர்த்தினோம். அவர் வென்றார். அவரது பதவிக்காலம் முடியுங்காறும் கிராம சபையிற் கணக்குக் கேட்டார் நம்முள் ஒருவருமிலர். யாமும் கேட்டிலேம், அவர் எமக்கு மாமன் முறை.