மென்குரல் மன்னர் நாட் கிங் கோல்



டிசம்பர் பிறந்துவிட்டால் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் ஓர் ஆண்குரல் கேட்கத் தொடங்கிவிடும். ஆழ்ந்த குரல், சற்றே கரகரப்பு இழையோடும், அவசரமே இராது. 'தி கிறிஸ்துமஸ் சாங்' என்னும் அப்பாடலை 1946-இல் முதன்முதலாக இசைத்தட்டில் பதிவுசெய்தவர் அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல். குளிர்காலத்தைக் கொண்டாடும் அப்பாடல், கலிபோர்னியாவின் கடுங்கோடை நாள் ஒன்றில், வெப்பத்தை மறப்பதற்காகக் குளிரை நினைத்துக்கொண்டபோது பிறந்தது என்பர். ஆண்டு முழுதும் வெயிலில் காயும் நம் நாட்டில் அது பொருந்திப்போனதில் வியப்பில்லை!

குரலை அறிந்தோர் பலர். அக்குரலுக்குரியவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இசைக்கல்வியும் ஒரு பாடமாக இருந்தது. அப்பொழுதுதான் இவருடைய இசைத்தொகுப்பு ஒன்றை முழுமையாகக் கேட்டேன். பின்னர் இவர் வரலாற்றையும் தேடிப் படித்தேன். மென்மையானவர், எவரையும் எதிர்க்காதவர், போராட்டக் காலத்தில் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் என்று இவரை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அம்மதிப்பீடு சரிதானா?

நத்தானியேல் ஆடம்ஸ் கோல்ஸ் என்பது இயற்பெயர். 1919 மார்ச் 17-ஆம் நாள், அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் பிறந்தார். தந்தையார் பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாயார் பெர்லைனா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்கு முதல் இசையாசிரியரும் அவரே. தென்மாநிலங்களின் நிற ஒதுக்கலிலிருந்து விலகி வடக்கு நோக்கிச் சென்ற பல இலட்சம் கறுப்பினத்தவரைப் போலவே, நாட் சிறுவனாக இருக்கையிலேயே இக்குடும்பமும் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஏர்ல் ஹைன்ஸ் என்னும் பியானோ மேதையின் வாசிப்பு அவரை ஆட்கொண்டது. ஆம், அவர் முதலில் பியானோ கலைஞர். பாடகரானது பிறகுதான்.

1937-இல் நாடகக் குழுவொன்றுடன் சுற்றுப்பயணம் சென்றார். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் அக்குழு கலைந்துபோனது. கையில் காசில்லாமல் நின்ற பதினெட்டு வயது இளைஞர், மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பிழைக்கலானார். அவ்வாண்டிலேயே கித்தார்க் கலைஞர் ஆஸ்கர் மூர், பாஸ் வாசிப்பாளர் வெஸ்லி பிரின்ஸ் ஆகியோருடன் மூவர் குழு ஒன்றை அமைத்தார். பதினைந்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து முழங்கும் பெரும் இசைக்குழுக்களின் காலம் அது. முரசுகூட இல்லாமல் மூவர் மட்டும் வாசித்தது புதுமை. பின்னாளில் ஆஸ்கர் பீட்டர்சன் போன்ற பெரும் பியானோ கலைஞர்கள் இதே அமைப்பைப் பின்பற்றினர்.

1943-இல் கேப்பிட்டல் நிறுவனத்திற்காக அவர் பதிவுசெய்த 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' நாடெங்கும் பரவியது. அதன் பின்னணிக் கதையைச் சொல்லாமல் கடக்க ஓர் ஆசிரியரால் இயலாது. கழுகு ஒன்று, விலங்குகளை முதுகில் ஏற்றி வானில் உலாக் கூட்டிச் செல்வதாக ஆசை காட்டும். உயரே சென்றதும் கீழே தள்ளி, இறந்ததைத் தின்றுவிடும். குரங்கின் முறை வந்தது. கழுகு தள்ள முயன்றபோது குரங்கு தன் வாலைக் கழுகின் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒழுங்காகப் பறக்குமாறு சொன்னது! கறுப்பின மக்களிடையே வழங்கிய இக்கதையைத் தந்தையார் தேவாலய உரையில் சொல்லக் கேட்டிருக்கிறார் மகன். பாடலின் உரிமையை அவர் முன்னரே வெறும் 50 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது வேதனையான செய்தி. அக்கதையில் குரங்கு கூச்சலிடவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 1948-இல் 'நேச்சர் பாய்', 1950-இல் 'மோனா லீசா' ஆகியவை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. 1951-இல் 'அன்ஃபர்கெட்டபிள்' வந்தது. ஹாலிவுட்டில் 1956-இல் திறக்கப்பட்ட கேப்பிட்டல் நிறுவனத்தின் வட்டவடிவக் கோபுரத்தை 'நாட் கட்டிய வீடு' என்றே அழைத்தனர். பியானோவை விட்டு எழுந்து, வயலின் கூட்டத்தின் முன்னால் நின்று பாடத் தொடங்கியதை ஜாஸ் சுவைஞர்கள் பெரும் இழப்பாகக் கருதினர். எனக்கும் அவ்வருத்தம் உண்டு. ஆயினும் அவர் வரலாற்றில் இடம்பெறுவதற்குக் காரணம் அந்தக் குரல்தான்.

இங்கே 'குரூனர்' எனப்படும் பாடகர் வகையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். குழந்தையைத் தூங்க வைக்க மெல்ல முனகிப் பாடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முன்னாளில் மேடைப் பாடகர் கடைசி வரிசை வரை எட்டும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டும். இல்லையேல் பாடகரே அல்லர். 1920-களில் ஒலிவாங்கியும் மின்சார ஒலிப்பதிவும் வந்தன. பாடகர் முணுமுணுத்தாலும் போதும், வீட்டு வானொலியின் அருகே அமர்ந்திருப்பவருக்குத் தம் காதோடு பேசுவது போலிருக்கும். பிங் கிராஸ்பி இக்கலையை வளர்த்தார். ஃபிராங்க் சினாட்ரா, பெர்ரி கோமோ, டீன் மார்ட்டின் எனப் பலர் தொடர்ந்தனர். இவர்கள் எல்லாரும் வெள்ளையர்.

நாட் கிங் கோல் கறுப்பினத்தவர். மேடையில் தொலைவில் நின்று முழங்கும் கறுப்பினக் கலைஞரை அன்றைய அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒலிவாங்கி தொலைவை அழித்துவிட்டதே! ஒரு கறுப்பினத்தவர், வெள்ளையர் வீட்டு வரவேற்பறையில், அவ்வீட்டுப் பெண்களின் காதருகே காதல் மொழி பேசுகிறார். இம்மென்மையே சிலருக்குப் பொறுக்க முடியாத குற்றமாயிற்று. உரத்துப் பாடியிருந்தால் அவர்மீது அவ்வளவு வெறுப்பு வந்திருக்காது என்பது என் கருத்து.

வரவேற்பறைக்குள் குரல் நுழையலாம், ஆள் நுழையலாமா? 1948 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் ஹேன்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார். அதே ஆண்டு மே மாதம்தான், கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்னும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுடைமையாளர் சங்கத்தினர் அவரைச் சந்தித்து, விரும்பத்தகாதவர்கள் இங்குக் குடியேறுவதைத் தாங்கள் விரும்பவில்லை என்றனர். தாமும் விரும்பவில்லை என்றும், அப்படி எவரேனும் வரக் கண்டால் முதலில் முறையிடப் போவது தாமே என்றும் அவர் அமைதியாக விடையிறுத்தார். பின்னர் அவர்களுடைய நாய் நஞ்சு கலந்த இறைச்சியைத் தின்று மாண்டது. குடும்பம் வீட்டை விட்டுப் போகவில்லை.

1956 ஏப்ரல் 10-ஆம் நாளுக்கு வருவோம். அலபாமாவின் பர்மிங்காம் நகர அரங்கில் இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது வெள்ளையருக்கு, இரண்டாவது கறுப்பினத்தவருக்கு. அவ்வூர்ச் சட்டம் அப்படி. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், அவர் பிறந்த மான்ட்கோமரியில், கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளைப் புறக்கணித்து நான்கு மாதங்களாக நடந்தே வேலைக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. முதல் நிகழ்ச்சியில் மூன்றாம் பாடலைப் பாடிக்கொண்டிருக்கையில் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைக் கீழே தள்ளினர். காவலர்கள் உடனே தலையிட்டதால் உயிர் தப்பினார். முதுகில் காயம். மீண்டும் மேடைக்கு வந்தபோது அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். பாட இயலாத நிலையை எடுத்துரைத்து விடைபெற்றார். ஆனால் அன்றிரவே, காயத்தோடு, கறுப்பின மக்களுக்கான இரண்டாவது நிகழ்ச்சியில் பாடினார்.

தாக்கியவர்கள் ஆசா கார்ட்டர் என்பவரின் தலைமையில் இயங்கிய வெள்ளையர் அமைப்பைச் சார்ந்தவர்கள். அவ்வமைப்பின் இதழ், கோல் வெள்ளை இனப் பெண் சுவைஞர்களோடு இருக்கும் படங்களை வெளியிட்டு வெறுப்பை மூட்டி வந்தது. அவர்களை உறுத்தியது எது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆசிரியர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இதே ஆசா கார்ட்டர் பின்னாளில் ஃபாரஸ்ட் கார்ட்டர் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, தம்மைச் செரோக்கி இனத்தவராகக் காட்டி, 'தி எஜுகேஷன் ஆஃப் லிட்டில் டிரீ' என்னும் நூலை 1976-இல் வெளியிட்டார். இயற்கையையும் அன்பையும் போதிக்கும் தன்வரலாறு என்று நம்பி, பள்ளிகளில் மாணவர்களைப் படிக்கச் செய்தனர்! நூலை எழுதியவர் யாரென்று தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதன் பிறகு வந்தது.

அடித்தவர்கள் ஒருபுறமிருக்க, கோலை அதிகம் புண்படுத்தியது சொந்த மக்களின் கண்டனம் எனலாம். தாம் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொண்டதில்லை, எந்த இயக்கத்திலும் சேர்ந்ததில்லை, தம்மை ஏன் தாக்க வேண்டும் என்று அவர் செய்தியாளரிடம் வியந்துரைத்தார். மான்ட்கோமரி மக்கள் செருப்புத் தேய நடந்துகொண்டிருந்த வேளையில் இச்சொற்கள் எப்படிக் கேட்டிருக்கும்! வெள்ளையருக்கு மட்டுமான அரங்கில் பாடியது இனத்துக்கே இழுக்கு என்று 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினச் செய்தித்தாள்கள் சாடின. கறுப்பினத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞரும், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியுமான தர்கூட் மார்ஷல், இனிக் கோலின் கையில் ஒரு பாஞ்சோ மட்டும்தான் குறை என்று எள்ளியதாகச் செய்தி வந்தது. வெள்ளையரை மகிழ்விக்கும் அடிமை வேடத்திற்குரிய இசைக்கருவி அது.

இக்கண்டனம் நியாயமானதே என்று நான் கருதுகிறேன். பிரித்து வைத்த அவையில் பாடுவது, பிரிவினைக்கு ஒப்புதல் தருவதாகும். கோலும் சும்மா இருக்கவில்லை. 'டவுன் பீட்' இசையிதழுக்கு எழுதியனுப்பிய மறுப்பில், பேருந்துப் புறக்கணிப்புக்குப் பொருளுதவி செய்ததையும், தம்மைப் பாட அழைத்துவிட்டு உபசரிக்க மறுத்த விடுதிகள்மீது வழக்குத் தொடுத்ததையும் எடுத்துக்காட்டினார். பின்னர் அச்சங்கத்தில் வாழ்நாள் உறுப்பினராகச் சேர்ந்தார். அவர் விளம்பரப்படுத்தாமல் செய்தவை கூச்சலிட்டுச் செய்த பலரின் செயல்களைவிடக் குறைந்தவை அல்ல. ஆனால் விளம்பரப்படுத்த வேண்டிய காலமாக அது இருந்தது.

அதே 1956 நவம்பர் 5-ஆம் நாள் 'நாட் கிங் கோல் ஷோ' என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. முதலில் கால் மணி நேரம். மறு ஆண்டில் அரை மணி நேரமானது. நல்ல நிகழ்ச்சி, பார்ப்போரும் இருந்தனர். ஆனால் நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. கறுப்பினத்தவரின் நிகழ்ச்சியோடு தங்கள் பொருளின் பெயர் இணைந்தால் தென்மாநில வெள்ளையர் வாங்க மறுப்பர் என்னும் அச்சம்! எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹேரி பெலஃபான்டே, பெகி லீ, டோனி பென்னட் போன்ற முன்னணிக் கலைஞர்கள் சங்கம் வகுத்த மிகக் குறைந்த ஊதியத்திற்கு வந்து பாடிக்கொடுத்தனர். விளம்பர வருவாய் போதாமல் நிறுவனமும் நட்டத்தைத் தாங்கியது. ஓராண்டுக்கு மேல் இழுத்துப் பிடித்தும் பயனில்லை. இறுதியில் வசதியற்ற ஒளிபரப்பு நேரத்திற்கு மாற்ற முன்வந்தபோது, கோல் தாமே நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார். 1957 டிசம்பர் 17-இல் கடைசி ஒளிபரப்பு. விளம்பர நிறுவனங்கள் குழுமியிருந்த மேடிசன் அவென்யூ இருளைக் கண்டு அஞ்சுகிறது என்று அவர் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவர் கோபம் இவ்வளவுதான் வெளியே தெரியும்.

மொழி கற்பிப்போருக்கு அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அது உச்சரிப்பு. ஒரு சொல்லின் ஈற்றெழுத்தைக்கூட விழுங்கமாட்டார். ஸ்பானிய மொழி தெரியாமலேயே ஒலிகளைக் கேட்டுப் பயின்று, 1958 முதல் அம்மொழிப் பாடல்கள் நிறைந்த தொகுப்புகளை வெளியிட்டார். இலத்தீன் அமெரிக்க மக்கள் விரும்பி வாங்கினர். வோங் கார் வாய் இயக்கி 2000-இல் வெளிவந்த 'இன் தி மூட் ஃபார் லவ்' திரைப்படத்தில் 1960-களின் ஹாங்காங்கை உணர்த்த ஒலிப்பவை அந்த ஸ்பானியப் பாடல்களே. அப்படக் கதை சிங்கப்பூருக்கும் வருவதை நம்மவர் பலர் கவனித்திருப்பர்.

ஓயாமல் புகைத்தவர் கோல். புகைதான் குரலுக்கு அந்த ஆழத்தைத் தருவதாக நம்பினார் என்பர். 1965 பிப்ரவரி 15-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 45தான். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1991-இல், மகள் நாட்டலி கோல் தந்தையின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரலை இணைத்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாடலை வெளியிட்டார். மறு ஆண்டு கிராமி விருதுகள் குவிந்தன. அதே 1991-இல்தான் ஆசா கார்ட்டரின் நூலும் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் உச்சிக்குச் சென்றது. இரண்டையும் ஒரே வீட்டில் வாங்கி வைத்திருந்தோரும் இருந்திருப்பர்.

கேட்க விரும்பும் அன்பர்கள் கிறிஸ்துமஸ் பாடலோடு நின்றுவிட வேண்டாம். பர்மிங்காம் தாக்குதலுக்குச் சில மாதங்களுக்குப் பின் பதிவாகி 1957-இல் வெளிவந்த 'ஆஃப்டர் மிட்நைட்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் அவர் மீண்டும் பியானோவின் முன் அமர்ந்து வாசித்துக்கொண்டே பாடுகிறார்.