சிப்பாயும் அவன் ஜோடும்

விடியற்காலையில் கோல்கொண்டாக் கோட்டைப் பக்கம் செல்வோமானால், குதுப்ஷாஹி மன்னர்களின் மதில்களுக்கு அருகே நூற்றுக்கணக்கான பூட்ஸ்கள் ஒரே தாளத்தில் நிலத்தை மிதிக்கும் ஓசையைக் கேட்கலாம். பீரங்கிப் படைக்குப் புதிய ஆட்களைப் பழக்கும் நிலையம் ஒன்று 1962-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகிறது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்து சேரும் இளைஞர்களுள், வயல் வரப்பில் வெறுங்காலுடன் நடந்து வளர்ந்தவர்களும் உண்டு. கெட்டித் தோல் ஜோட்டுக்குள் அவர்கள் முதன்முதலாகக் கால் நுழைப்பது இத்தகைய இடங்களில்தான்.

துப்பாக்கியைப் பற்றியும் தளபதியைப் பற்றியும் சரித்திரம் நிறையப் பேசுகிறது. சிப்பாயின் ஜோட்டைப் பற்றி அது அதிகமாகப் பேசுவதில்லை. ஆயினும் ஒரு படை தன் வீரனை எவ்வாறு மதித்தது என்பதை அறிய வேண்டுமானால், அவன் அணிந்ததைப் பார்த்தால் போதும். அணிபவனின் உடலையும் மனத்தையும் அறிந்து கொடுத்தார்களா, அறியாமல் சுமத்தினார்களா என்பதே கேள்வி. ஐதராபாத்தின் பழங்கதை இதற்கு நல்ல சான்று தருகிறது.

1798-ஆம் ஆண்டு நிஜாம், ஆங்கிலக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரெஞ்சு அதிகாரிகளின் கீழிருந்த தம் படையைக் கலைத்தார். கம்பெனியின் துணைப்படை ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே பாளையமிறங்கியது. அப்பாளையமே 1806-இல் சிக்கந்தர் ஜா நிஜாமின் பெயரால் செகந்தராபாத் ஆயிற்று. 1799-இல் திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற நிஜாமின் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ் பெற்றவர் அவரே. 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், ஏறத்தாழ 20 மைல் நடந்து வந்த கால்களோடு அவருடைய வீரர்கள் அசாயேயில் மராட்டியப் படையை எதிர்த்து வென்றனர். நடக்க முடியாதவன் போரிடவும் முடியாது என்பதைத் தக்காணத்துப் பாதைகள் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். பின்னர் ஸ்பெயின் நாட்டுப் போரிலும், வீரர்களுக்கு ஜோடு அனுப்புமாறு லண்டனுக்கு அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

அக்காலத்துச் சென்னைப் படைச் சிப்பாய்களை ஓவியங்களில் காணும்போது, மேலே சிவப்புச் சட்டையும் கீழே நம் நாட்டுச் செருப்புமாக அவர்கள் நிற்கின்றனர். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கோ ஜோடு உண்டு. ஆனால் அதில் வலம், இடம் என்ற பேதமில்லை. இரண்டும் ஒரே அச்சில் தைக்கப்பட்டவை. ஒரு பக்கமே தேய்ந்துவிடாமல் இருக்க, நாள்தோறும் கால் மாற்றி அணிய வேண்டும் என்று கட்டளை இருந்தது. ஜோட்டின் ஆயுளைக் கணக்கிட்டவர்கள் காலின் வேதனையைக் கணக்கிடவில்லை.

தோலையே காரணமாகக் கொண்டு பெருங்கலகம் மூண்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1806-இல் சென்னைப் படைக்குப் புதுவகைத் தலைப்பாகை விதிக்கப்பட்டது. அதில் தோலால் செய்த சின்னம் ஒன்று இருந்தது. நெற்றிக் குறியும் காதணியும் கூடாதென்ற ஆணையும் சேர்ந்துகொண்டது. சமயத்துக்கு இழுக்கு என்று இந்து வீரரும் முஸ்லிம் வீரரும் ஒருங்கே வருந்தினர். முறையிட்டவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டை குருதியில் நனைந்தது. அதே மாதத்தில் ஐதராபாத் துணைப்படையிலும் அதே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அங்கே தளபதியாயிருந்த மாண்ட்ரேசர், மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் அவ்வாணைகளைத் தாமே நிறுத்திவைத்தார். பாளையம் அமைதி கொண்டது. அணிபவனின் குரலுக்குச் செவி சாய்த்ததற்கும் சாய்க்காததற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்பூரில் தோல் தொழிற்சாலைகள் பெருகின. பட்டாளத்து ஜோடு அங்கே திரளாகத் தயாராகியது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் ஜோட்டின் மேற்பாகத்துக்கு மிகவும் ஏற்றதெனக் கருதப்பட்டது. முதல் உலகப் போரில், 1916 முதல், அரசாங்கமே அத்தோலை வாங்கி இராணுவத் தேவைக்கு அனுப்பத் தொடங்கியது. கரிசல் காட்டோரம் மஞ்சளாய்ப் பூத்த ஆவாரை, ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் சிப்பாயின் பாதத்தைக் காத்தது என்றால் மிகையாகாது.

அந்நாளைய ஜோட்டுக்கு 'அம்யூனிஷன் பூட்' என்று பெயர். அடித்தோலில் இரும்பாணிகளும், குதியில் லாடம் போன்ற இரும்பும் அறையப்பட்டிருக்கும். அணிவகுப்பில் அது எழுப்பும் ஓசை கம்பீரமானது. வழவழப்பான கல்லிலோ கால் வழுக்கும். பிற்காலத்தில் ரப்பரைத் தோலோடு சேர்த்து வார்த்த அடிப்பாகம் வந்தது.

ஜோட்டைத் தேர்வதும் பழக்குவதும் பழைய ஹவில்தார்கள் கைவழியாகக் கற்பித்த வித்தை. பகல் முழுவதும் நடந்தபின் கால் சற்றே பருத்திருக்கும்; ஆகையால் மாலையில் அளப்பதே நலம். உட்கார்ந்தல்ல, நின்றுகொண்டு, முதுகில் சுமையோடு இரு கால்களையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்கு ஏற்ற அளவே சரியான அளவு. பயிற்சியில் அணியும் அதே காலுறையோடு போட்டுப் பார்த்தல் அவசியம். நீண்ட விரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. புதுத் தோலுக்குக் கொழுப்பும் எண்ணெயும் கலந்த பூச்சைத் தேய்த்து, முதல் நாள் சிறிது நேரம், மறுநாள் இன்னும் சிறிது என்று பழக்க வேண்டும். புது ஜோட்டோடு நெடுநடைக்குப் புறப்படுகிறவன் கொப்புளத்தோடுதான் திரும்புவான். நனைந்த ஜோட்டை நெருப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்துவதே முறை. பளபளக்கும் மெருகு அணிவகுப்புக்கு அழகு. காலைக் காப்பது அளவும் பதமுமே.

இவையெல்லாம் அற்பச் செய்தி என்று எண்ணுவோர் 1962-ஐ நினைக்க வேண்டும். நிஜாமின் நாட்டில் ஆங்கில ரெசிடெண்ட் ஹென்றி ரஸ்ஸல் 1813-இல் திரட்டிய படையிலிருந்து வளர்ந்தது ஐதராபாத் கண்டிஞ்சென்ட். அதன் வழிவந்த ஐதராபாத் ரெஜிமெண்ட் 1945-இல் குமாயூன் ரெஜிமெண்ட் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், லடாக்கில் 16,000 அடிக்கு மேற்பட்ட ரெசாங்-லா கணவாயில் அந்த ரெஜிமெண்டின் 13-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி, மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் கடைசிவரை நின்று போரிட்டது. ஏறத்தாழ 120 பேரில் 110 பேருக்கு மேல் மடிந்தனர். பனியில் உறைந்த அவர்களின் உடல்கள் 1963 பிப்ரவரியில்தான் கண்டெடுக்கப்பட்டன. கிழக்கெல்லையில் நம்கா சூ ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட படையினருள் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஜோடுமாகவே மலைக்குளிரை எதிர்கொண்டனர். வீரத்தில் அவர்களிடம் குறையில்லை. குறை, அவர்களை மலைமேல் அனுப்பியவர்களின் ஆயத்தத்தில் இருந்தது.

அந்தப் பாடம் வீணாகவில்லை. 1984 முதல் சியாச்சின் பனிமலையில் நிற்கும் வீரர்களுக்குக் குளிர் தாங்கும் தனிவகை ஜோடு தரப்படுகிறது. ஆயினும் பாடம் ஒருமுறை கற்றதோடு முடிவதன்று. ஆண்டுதோறும் புதிய கால்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் அளவும் வேறு.

கோல்கொண்டாவின் மதிலோரம் கேட்கும் அந்த ஓசையை இனி நாம் கேட்கும்போது, அதனுள்ளே நடக்கும் பாதங்களையும் எண்ணிப் பார்ப்போமாக. நாட்டுக்காக நெடுந்தொலைவு நடக்கச் சம்மதித்த இளைஞனுக்கு நாடு செய்ய வேண்டிய முதல் கடமை மிகவும் எளியது: அவன் காலைச் சரியாக அளப்பது, ஜோடு கடிக்கிறது என்று அவன் சொன்னால் நம்புவது.