தொக்கமும் மூளைப் படமும்

உ.வே. சாமிநாதையர், 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன்னர், இளம்பிராயத்தில் தம் தந்தையாருடன் வசித்துத் தமிழ் பயின்ற ஊர்களுள் ஒன்றாகிய குன்னம், நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்து, 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது அதனைச் சார்ந்தது. மழையை நம்பிய பூமியாதலால், அங்கே ஒருவர் மெலிந்தால் தானியம் இல்லாமையே காரணம் என்று கொள்வதில் வியப்பில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்வியாகவேனும் அறிந்த குடும்பங்களில், பானை நிறையச் சோறு இருந்தும் ஒரு பெண் உண்ண மறுக்கிறாள் என்பது வியாதியாகத் தோன்றியிருக்க நியாயமே இல்லை.

ஆயினும் வேறு விதமாகத் தோன்றியதற்கு ஏற்ற பரிகாரம் இருந்தது. உண்டது நிற்காமல் வாந்தியாகும் பிள்ளைக்குக் குடலேற்றம் என்று எண்ணெய் தடவிக் குடல் தட்டுவதும், உணவு உள்ளே சிக்கிக்கொண்டது என்று கருதித் தொக்கம் எடுப்பவரிடம் அழைத்துச் செல்வதும், இவற்றுக்கு மசியாவிட்டால் காற்றுக் கருப்பு என்று மந்திரித்து வேப்பிலை அடிப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றின் வழக்கம். தொக்கம் எடுப்பவர் வெளியே காட்டும் துணுக்கு வயிற்றிலிருந்து வந்ததன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உண்ணாத பிள்ளையை ஒருவர் பொருட்படுத்தி உட்காரவைத்து விசாரித்தார் என்ற அளவில், ‘பிடிவாதம்’ என்று சொல்லி அடித்த பெற்றோரைவிட அவர் மேலானவரே.

பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னே, 1873-இல், லண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிஸில் லாசெக் என்பவரும், வறுமையின்றியே உணவை வெறுத்து எலும்பாகும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே எழுதினர். ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ என்று கல் இட்ட பெயரே நிலைத்தது. இதன் வேர் மனத்திலா, தேகத்திலா என்ற வழக்கு நூறாண்டு நீடித்தது; மண்டையோட்டைத் திறவாமல் மூளையைக் காணும் உபாயம் அப்போது இல்லை. 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் யந்திரம் முதல் நோயாளியைப் படமெடுத்த பின்னர், அப்பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, இந்நோயாளிகளின் மூளை சுருங்கியும் அதனுள் நீர் நிறைந்த அறைகள் விரிந்தும் இருப்பதை வைத்தியர்கள் கண்டனர். எடை மீண்டபோது சுருக்கமும் பெரும்பாலும் மீண்டது.

அப்படியாயின் சுருக்கம் பட்டினியின் பலன்தானே, காரணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. எம்.ஆர்.ஐ. கருவியால், மூளை வேலை செய்யும்போதே எப்பகுதிக்கு உயிர்வளி மிகுந்த ரத்தம் பாய்கிறது என்று காணும் முறை, 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டிய வழியில் பிறந்தது. அமெரிக்காவின் வால்டர் கே என்பவரின் குழுவினர், நோய் தீர்ந்து உடல் தேறிய பெண்களையே தேர்ந்து, அவர்கள் நாவில் சர்க்கரை நீர் விட்டுப் பார்த்தபோது, சுவையையும் உடலின் உள்ளுணர்வையும் ஏற்கும் இன்சுலா என்னும் பகுதி மற்றவர்க்கு எழுவதைவிடக் குறைவாகவே எழுந்தது. பட்டினி நீங்கிய பின்னும் எஞ்சிய இவ்வேறுபாடு, நோய்க்கு முன்பே இருந்ததா, நோய் விட்டுச்சென்ற வடுவா என்பது இன்றும் தீராத விவாதம். ஏறத்தாழ இரண்டாயிரம் படங்களை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளியான சர்வதேச ஆய்வு, இந்நோயில் மூளைக்கு நேரும் குறைவு மற்ற மனநோய்களில் காண்பதைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு என்று கண்டது.

நம் நாட்டிலோ இந்நோயாளிகளின் மூளைப் படங்கள் பரவலாக வந்ததாகத் தெரியவில்லை. எண்ணிக்கை வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சிகிச்சைக்கு வந்த 3,274 சிறுவர் சிறுமியருள் 41 பேருக்கு உண்ணல் கோளாறு இருந்தது. அவற்றுள் முதலிடம் பெற்றது மெலிய வேண்டும் என்ற ஆசையன்று, மனக்காரணத்தால் வரும் வாந்தி. குடல் தட்டுபவரிடம் பரம்பரையாகச் சென்ற பிள்ளைகளில் சிலர் இவர்களே என்று எண்ண இடமுண்டு. மேல்நாட்டுப் பெண்களின் மூளையிலிருந்து பெரும்பாலும் எழுந்த சாஸ்திரம் இவர்களுக்கு முற்றும் பொருந்துமென்று எவரும் சோதிக்காமல் சொல்வது முறையன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024-இல் கருப்பருவத்தில் இறந்த சிசுக்களின் மூளையையே நுட்பமாகப் படமாக்கி வெளியிட்டிருக்கையில், திறமை இல்லை என்ற சாக்கும் நமக்கில்லை.

ஒரு ஸ்கேனைப் பார்த்து இந்த நோய் இதுவென்று நிர்ணயிக்கும் காலம் இன்னும் வரவில்லையாதலால், குன்னத்துப் பெற்றோர் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரக்கணக்கில் உண்ணாமலோ உண்டதைக் கக்கியோ மெலியும் பிள்ளையைத் திட்டாமல், தொக்கம் எடுத்த பிறகேனும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.