குருதியில் வளர்ச்சி இயக்குநீரை அளத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

மனித வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைக் குருதியில் அளந்த வரலாறு, கருவிகள் நுண்மை பெற்ற வரலாறாகவே பெரிதும் எழுதப்படுகிறது. எப்பொருளை அளப்பது என்னும் வினா அதனுள் மாறிவந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சால்மனும் டாகடேயும் 1957இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட எலியின் குருத்தெலும்பு, கதிரியக்கச் சல்பேட்டை எவ்வளவு ஏற்கிறது என அவர்கள் அளந்தனர். வளர்ச்சி இயக்குநீரை நேரே சேர்த்தபோது பயன் சிறிதே. நலமான எலியின் குருதித் தெளிநீரைச் சேர்த்தபோதோ ஏற்பு மிகுந்தது. சுரப்பியிழந்த எலிக்கு இயக்குநீரைச் செலுத்திய பின் எடுத்த தெளிநீரும் அவ்வாறே செயல்பட்டது. எனவே இயக்குநீருக்கும் எலும்புக்கும் இடையே தூதுப்பொருள் ஒன்று உண்டெனக் கருதினர். அதுவே 1972இல் சொமாட்டோமெடின் எனப் பெயர் பெற்றது.

ஆயினும் முதலில் அளக்கப்பட்டது இயக்குநீரே. பெர்சனும் ரோசலின் யாலோவும் நியூயார்க்கில் இன்சுலினுக்கென உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் மதிப்பீட்டு முறை, 1960களின் தொடக்கத்தில் இதற்கும் விரிவாக்கப்பட்டது. குறியிட்ட இயக்குநீரும் குருதியிலுள்ள இயக்குநீரும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடுவதே இம்முறையின் அடிப்படை. ஆனால் இயக்குநீர் விட்டுவிட்டுச் சுரப்பது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நிமிடங்களே. நலமான ஒருவரிடம் பகலில் எடுத்த ஒற்றை மாதிரியில் அது மிகக் குறைவாகவே தென்படக்கூடும். இன்சுலின் செலுத்திச் சர்க்கரையைத் தாழ்த்திச் சுரப்பைத் தூண்டும் சோதனை இத்தேவையிலிருந்தே நிலைபெற்றது.

இஸ்ரேலில் லாரோனும் அவர்தம் குழுவினரும் 1966இல் விவரித்த குழந்தைகள் இச்சோதனைக்கும் அடங்கவில்லை. அவர்கள் குருதியில் இயக்குநீர் மிகுந்திருந்தது. உடலோ மிகக் குறுகியிருந்தது. இயக்குநீரை மட்டும் அளந்து மருத்துவர் முடிவு செய்திருப்பின், குறைபாடே இல்லையெனத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பர். தூதுப்பொருளை அளக்கும் தேவைக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சொமாட்டோமெடின்-சி என்பதற்கான எதிர்ப்பொருள் மதிப்பீடு 1977இல் வெளிவந்தது. மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் ரிண்டர்க்னெக்டும் ஹும்பெலும் 70 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1இன் வரிசையை வெளியிட்டனர். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் தெளிவாயிற்று. இப்பொருள் பகல் முழுதும் பெரிதும் மாறாமல் நிற்பதற்குக் காரணம், குருதியில் அதனைப் பற்றிக்கொள்ளும் பிணைப்புப் புரதங்கள். அப்புரதங்களே எதிர்ப்பொருள் அதனை அணுகவும் தடையாயின. அமிலமும் எத்தனாலும் கொண்டு அவற்றை முதலில் பிரித்தெடுக்கும் முறையை 1980இல் டாகடேயின் குழுவே வெளியிட்டது. அவ்வாறு பிரிக்காமல் பெற்ற முந்தைய அளவுகளைப் பிந்தையவற்றோடு நேரே ஒப்பிடுதல் பொருந்தாது.