நண்பர்கள் எனப் பெயர் பூண்டோர்

நபி இப்ராஹீம் (அலை) அவர்களைக் ‘கலீலுல்லாஹ்’, அதாவது அல்லாஹ்வின் உற்ற தோழர், என்று நாம் போற்றுகிறோம். ‘வலீ’ என்னும் சொல்லுக்கும் நேசர் என்றே பொருள். ஆகவே, அடியானுக்கும் அவனை ஆள்வோனுக்கும் இடையே நட்பு என்னும் சொல்லை வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. கிறித்தவர்களிடத்திலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. யோவான் சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஈசா நபி (அலை) அவர்கள் தம் சீடர்களை ஊழியர் நிலையிலிருந்து நண்பர் நிலைக்கு உயர்த்தியதாக வருகிறது. அந்நட்புக்கு ஒரு நிபந்தனையும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது. அவர் கட்டளையை நிறைவேற்றுவோரே நண்பர். கட்டளையோ, அவர்கள் தமக்குள் அன்பு பாராட்ட வேண்டும் என்பது.

ஈசா நபியைப் பற்றி அவர்கள் கொண்ட கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. அதனை வழக்காட இங்குப் புகவில்லை. அந்த ஒரு சொல்லையே தம் பெயராகச் சூடிக்கொண்ட ஒரு கூட்டத்தார் அதற்கு என்ன விலை கொடுத்தனர், எவ்விடத்தில் இடறினர் என்பதையே காண விழைகிறோம். உலகம் அவர்களைக் குவேக்கர் என்று அழைக்கிறது. அது பகைவர் இட்ட பெயர். ‘நடுங்குவோர்’ என்பது பொருள். இறைவனின் சொல்லுக்கு நடுங்குங்கள் என்று தாம் சொன்னதைக் கேலி செய்து, டார்பி நகர நீதிபதி ஒருவர் 1650-இல் அப்பெயரை இட்டதாக அக்கூட்டத்தின் முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தம்மைத் தாமே அவர்கள் அழைத்துக்கொண்ட பெயர் ‘நண்பர்கள்’ என்பதே.

ஃபாக்ஸ் 1624-இல் இங்கிலாந்தில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகியவர். பாதிரிமார் பலரிடம் அலைந்தும் உள்ளம் ஆறாத அவருக்கு, ஈசா நபியே தம் உள்ளத்தோடு நேரில் பேசுவார் என்ற உறுதி 1647-இல் பிறந்தது. இடையே பாதிரி வேண்டாம், சடங்கு வேண்டாம், கூலிக்குப் பிரசங்கம் வேண்டாம் என்றார். அவர் கூட்டத்தார் ஓரிடத்தில் மௌனமாக அமர்வர். உள்ளத்தில் ஏவல் எழுந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் எழுந்து பேசுவார். அவ்வளவே அவர்களின் வணக்கம். எல்லாரும் சமம் என்பதால் பிரபுவின் முன்னும் தொப்பியை எடுக்க மாட்டார்கள். நீதிபதியையும் ‘நீ’ என்றே விளிப்பார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள். உண்மையே பேசுகிறவனுக்குத் தனிச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். மாதா கோவிலுக்குரிய தசம வரியையும் செலுத்த மறுத்தார்கள். சிறை நிரம்புவதற்கு இவை போதுமே!

1659-ஆம் ஆண்டில் 140-க்கும் மேற்பட்ட நண்பர்கள் சிறையில் கிடந்தனர். அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளில் 21 பேர் கொடுமையால் மாண்டிருந்தனர். அப்பொழுது வெளியில் இருந்த 164 பேர் தம் பெயர்களை எழுதி இங்கிலாந்துப் பாராளுமன்றத்திடம் ஒரு விண்ணப்பம் கொண்டு சென்றனர். கைதிகளை விடுதலை செய்யுங்கள் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. எங்கள் சகோதரர் நாற்றம் பிடித்த சிறைகளில் மடியாதிருக்க, ஆளுக்கு ஆளாக, உடலுக்கு உடலாக எங்களை அவர்கள் இடத்தில் அடையுங்கள் என்று கேட்டனர். பாராளுமன்றமோ, வீட்டுக்குப் போய் அவரவர் தொழிலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களுக்குத் தம் வீட்டிலும் தோட்டத்திலும் பாதியைப் பகிர முன்வந்த மதீனத்து அன்ஸாரிகளின் வரலாற்றை மழலைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த 164 பேரின் உள்ளம் விளங்காமற் போகாது. 1682-இல் பிரிஸ்டல் நகரில் பெரியோர் அனைவரும் சிறைப்பட்டபோது, சிறுவரும் சிறுமியரும் தாமே கூடி மௌனக் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினர். அதற்காக அடியும் பட்டனர். 1689-இல் சமயப் பொறுதிச் சட்டம் வரும் முன் சிறைகளில் உயிர் நீத்த நண்பர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டோர்.

தம் கூட்டத்துக்குள் இவ்வளவு அன்பு செலுத்தியவர்கள் அயலாரை எவ்வாறு நோக்கினர்? இதற்கு விடையாக மேரி ஃபிஷர் என்னும் பெண்மணியைக் காட்டலாம். வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். 1653-இல் கேம்பிரிட்ஜில் சாட்டையடி பட்டார். 1656-இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது அவருடைய நூல்களை எரித்து, சூனியக்காரியின் அடையாளம் உண்டா என்று உடலைச் சோதித்து, சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே துருக்கி சுல்தானிடம் பேச வேண்டும் என்று ஐவருடன் புறப்பட்டார். ஸ்மிர்னாவிலிருந்த ஆங்கில அதிகாரி வழிமறித்து வேறு திசையில் கப்பலேற்றியும் அவர் விடவில்லை. கிரேக்கக் கரையில் இறங்கித் தனியே நடந்து, சுல்தான் நான்காம் முஹம்மது பாசறை அமைத்திருந்த அத்ரியாநோபிள் நகரை 1658-இல் அடைந்தார்.

சுல்தானுக்கு அப்போது வயது பதினாறு. அரசரின் தூதுவர்க்குரிய மரியாதையுடன் அவரை வரவேற்று, அஞ்சாமல் பேசும்படி கூறிப் பொறுமையுடன் கேட்டார். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி வினவியபோது, தாம் அவர்களை அறியார் என்றும், சொன்னவை நிறைவேறியதைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்றும் அப்பெண்மணி விடையிறுத்தார். ஒரு முஸ்லிமுக்கு இது போதிய விடையன்று. எனினும் அந்நாளைய ஐரோப்பியர் வாயிலிருந்து வந்த சொற்களோடு ஒப்பிடுங்கால் கண்ணியமான விடை. அவையிலும் எவரும் அவரைப் பழிக்கவில்லை. ஊர் திரும்பியபின், துருக்கியரிடம் தமக்கு அன்பு பிறந்துள்ளது என்றும், பல நாட்டாரைவிட அவர்கள் உண்மைக்கு அருகில் இருக்கின்றனர் என்றும் கடிதம் எழுதினார். அவருடன் புறப்பட்டவர்களில் ஜான் பெரட் என்பவர் ரோமாபுரியில் பைத்தியக்காரர் விடுதியில் அடைக்கப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தியும் நம் வாசகர்க்குச் சுவையளிக்கும். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ளான்’ என்ற கதையை 1674-இல் ஆங்கிலமாக்கியவர் ஜார்ஜ் கீத் என்னும் குவேக்கர். ஆளில்லாத் தீவில் வளர்ந்த ஒருவன், கற்பிப்பார் எவருமின்றி இறைவனை அறிந்த கதை அது. குவேக்கர் கொள்கையை நிலைநாட்டப் பெருநூல் எழுதிய ராபர்ட் பார்க்லேயும், உள்ளொளிக்குச் சான்றாக இந்த ஹய்யையே எடுத்துக் காட்டினார்.

ஆயினும் ‘நண்பர்’ என்னும் சொல் எதுவரை நீளும் என்பதில் அவர்கள் கடுமையாக இடறினர். அமெரிக்காவில் குடியேறிய குவேக்கர் பலர் ஆப்பிரிக்கரை அடிமைகளாக வாங்கி வைத்திருந்தனர். அந்நாட்டில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கரில் முஸ்லிம்களும் இருந்தனர். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் ஒரு கண்டன அறிக்கை எழுதினர். கடலில் துருக்கர் கையில் சிக்கி அடிமையாவோமோ என்று அஞ்சுகிற நாம், அதே செயலை இங்குச் செய்வது எவ்வகையில் மேல் என்று அதில் கேட்டனர். அந்நாளில் நம் கொடியின் கீழும் நடந்த அடிமைப் பிடிப்புக்கு அவ்வறிக்கை சாட்சியாய் நிற்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அறிக்கை சபைக்குச் சபை மேலே அனுப்பப்பட்டது. ‘பாரமான விஷயம்’ என்று கூறி ஒதுக்கி வைக்கப்பட்டது. பெஞ்சமின் லே என்ற கிழவர் அடிமை வைத்திருப்போரைக் கடிந்து நூல் எழுதியதற்காக 1738-இல் சபை அவரைத் தள்ளியது. தையற்காரரான ஜான் வுல்மன் வீடுவீடாகச் சென்று, மெல்லப் பேசி, பலர் மனத்தைக் கரைத்தார். அடிமை வைத்திருப்பவன் நண்பனாக இருக்க இயலாது என்று பிலடெல்பியா சபை தீர்மானித்தபோது ஆண்டு 1776. நால்வரின் அறிக்கைக்கு 88 ஆண்டுகள் கழித்தே விடை கிடைத்தது!

அதன் பின்னர் அச்சொல்லின் எல்லை விரியலாயிற்று. 1917-இல் அமெரிக்க நண்பர் சேவைக் குழு தோன்றியது. பகைவர், நட்பினர் என்று பாராமல் போரில் நலிந்தோர்க்கு உணவளித்த அதற்கும், லண்டன் நண்பர் சேவைக் குழுவுக்கும் 1947-இல் நோபல் சமாதானப் பரிசு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாலஸ்தீன மக்கள் வீடிழந்து காஸாவில் வந்து குவிந்தபோது, ஐக்கிய நாடுகள் சபை அங்கு உதவிப் பணியை ஒப்படைத்தது இந்த அமெரிக்கக் குழுவிடமே. ஏறக்குறைய இரண்டு லட்சம் அகதிகளுக்கு மாவும் கூடாரமும் மருந்தும் வழங்கினர். பிள்ளைகளுக்குக் கூடாரப் பள்ளிகளை அமைத்தனர். நாளடைவில், தாம் தரும் ரொட்டி அம்மக்களின் உரிமைக்கு ஈடாகாது, அரசியல் தீர்வின்றி உதவி மட்டும் நீடிப்பது அவர்களுக்கே கேடு என்ற முடிவுக்கு வந்தனர். அதனை ஐக்கிய நாடுகள் சபைக்குத் தெரிவித்து, 1950-இல் பணியை அச்சபையின் புதிய அகதிகள் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காஸாவை விட்டு வெளியேறினர்.