மெழுகுதிரியும் ஒரு நுழைவுச் சீட்டும்

விஞ்ஞான வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே நிரைப்படுத்திக் கூறுவர். அவற்றைக் கண்டவர்கள் விஞ்ஞானத்தின் வாயிலை முதன்முதல் எவ்வாறு வந்தடைந்தனர் என்பதை அத்துணை விரித்துரைப்பதில்லை. வாயில் அடைபட்டிருப்பின், உள்ளே புகுந்து விளக்கேற்றுவார் யார்? இளைஞர் முன்னிலையில் விஞ்ஞானத்தைச் செய்து காட்டும் வழக்கம் இலண்டன் மாநகரில் எவ்வாறு வேரூன்றியது என்பதை இன்று நோக்குவோம்.

1799ஆம் ஆண்டில் அந்நகரில் றோயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிலையம் நிறுவப்பட்டது. விஞ்ஞான அறிவைப் பரப்புதலும், அதனை வாழ்க்கைத் தேவைகளுக்குப் பயன்படுத்தக் கற்பித்தலும் அதன் நோக்கங்கள். நிலையத்தின் கட்டடக் கலைஞரான தோமஸ் வெப்ஸ்டர், கைத்தொழிலாளரும் விரிவுரை கேட்டுப் பயன்பெற வேண்டுமென விரும்பினார். விரிவுரை மண்டபத்தின் மேல்மாடத்தை அவர்களுக்கென வகுத்து, அதற்கு ஏறிச்செல்லத் தனிப் படிக்கட்டும் அமைத்தார். ஆனால் அதுவோ பிரெஞ்சுப் புரட்சியின் வெம்மை தணியாத காலம். தொழிலாளர் கல்வி பெறின் அரசியற் குழப்பம் விளையும் எனச் செல்வர் அஞ்சினர். திட்டம் கைவிடப்பட்டது, படிக்கட்டும் அகற்றப்பட்டது. நிலையம் செல்வரும் கற்றோரும் கூடும் இடமாயிற்று.

அம்மண்டபத்திலே இரசாயன விரிவுரை நிகழ்த்திப் பெரும் புகழீட்டியவர் ஹம்பிறி டேவி. 1812ஆம் ஆண்டு அவருடைய விரிவுரைகள் நான்கினைக் கேட்க, இருபது வயது இளைஞன் ஒருவன் அந்த மேல்மாடத்தில் வந்து அமர்ந்தான். அவன் கருமான் ஒருவரின் மகன். நூல் கட்டும் கடையொன்றில் தொழில் பயின்றவன். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே மின்சாரத்தையும் இரசாயனத்தையும் அறிந்தவன். அதற்கு முன்னர், தலைக்கு ஒரு சிலிங் கட்டணம் பெற்று நடைபெற்ற எளிய விஞ்ஞான விரிவுரைகளுக்கும் அவன் சென்றதுண்டு. அச்சிலிங்கைக் கொடுத்துதவியவன் அவனுடைய தமையன். டேவியின் விரிவுரைகளுக்குரிய சீட்டை அன்பளிப்பாகக் கொடுத்தவர் கடையின் வாடிக்கையாளரான வில்லியம் டான்ஸ் என்பவர். அந்த இளைஞனே மைக்கேல் பரடே.

பரடே தான் கேட்டவற்றையெல்லாம் படங்களுடன் எழுதி, தன் கையாலேயே நூலாகக் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினான். 1812 திசெம்பர் 24ஆம் நாள், நத்தாருக்கு முதல் நாள், டேவி அன்புடன் மறுமொழி எழுதினார். 1813 மார்ச்சில் பரடே அந்நிலையத்தின் ஆய்வுகூட உதவியாளரானார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவரே. இன்று நம் வீடுகளுக்கு ஒளி தரும் மின்பிறப்பாக்கிகள் யாவும் அத்தத்துவத்தைக் கொண்டே இயங்குகின்றன.

தமக்குக் கிட்டிய வாய்ப்பைப் பிறர்க்கும் அளிக்க அவர் மறக்கவில்லை. 1825ஆம் ஆண்டில் இளையோருக்கான நத்தார் விரிவுரைகள் அந்நிலையத்தில் தொடங்கின. முதல் தொடரை ஜோன் மில்லிங்டன் நிகழ்த்தினார். 1827 முதல் 1861 வரையில் பரடே 19 தொடர்களை நிகழ்த்தினார். அவற்றுள் தலைசிறந்தது மெழுகுதிரி பற்றியது. அதனை 1848இலும் 1860இலும் நத்தார்க் காலத்தில் அவர் நிகழ்த்தினார்.

வீடுதோறும் எரிகின்ற திரியை எடுத்துக்கொண்டது ஏன்? அரிய கருவியைக் காட்டினால் சிறுவர் வியப்பர். ஆயினும் வீடு திரும்பியதும் அது அவர் கையில் இராது. மெழுகுதிரியோ எவர் வீட்டிலும் உண்டு. சுடரின் சூட்டால் மேலெழும் காற்று திரியின் விளிம்பைக் குளிர்விப்பதனால் நடுவே ஒரு கிண்ணம் உண்டாகிறது, உருகிய மெழுகு திரிநூலின் வழியே மேலேறுகிறது, ஆவியாகி எரிகிறது. சுடரின் இருண்ட நடுப்பாகத்தில் கண்ணாடிக் குழாயொன்றை வைத்து, அவ்வாவியை வெளியே கொணர்ந்து, மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார் பரடே. எரிதலால் நீர் உண்டாவதைக் குளிர்ந்த கலத்தில் காட்டினார். எரிதலால் எழும் காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்குவதைக் காட்டினார். நம் மூச்சும் அவ்வாறே செய்கின்றது. ஆகவே உடலினுள்ளும் மெதுவான ஓர் எரிதல் நிகழ்கின்றது என்று முடித்தார்.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. அம்மண்டபத்தில் அமர்ந்த சிறுவர் பெரும்பாலும் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளே. 1855இல் அரச குமாரரும் வந்து கேட்டனர். கருமான் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அகற்றப்பட்ட படிக்கட்டு மீண்டும் கட்டப்படவில்லை.

அக்குறையை ஓரளவு தீர்த்தது அச்சு. வில்லியம் குறூக்ஸ் அவ்விரிவுரைகளைப் பதிப்பித்து 1861இல் நூலாக்கினார். அது பல மொழிகளுக்கும் சென்றது. யப்பான் நாட்டில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருவர் அந்நூலைப் படிக்குமாறு சொல்ல, அதனால் இரசாயனத்தில் நாட்டங்கொண்ட மாணவர் அக்கிரா யொஷினோ. இலிதியம் அயன் மின்கலத்தை உருவாக்கியமைக்காக 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். இலண்டனில் ஏற்றிய திரி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் கடல் கடந்து இன்னொரு திரியைக் கொளுத்தியது.

இரண்டாம் உலகப் போரின்போது 1939 முதல் 1942 வரை தடைப்பட்டதைத் தவிர, நத்தார் விரிவுரைகள் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றன. 1966 முதல் தொலைக்காட்சி அவற்றைச் சீட்டில்லாதார் வீடுகளுக்கும் கொண்டு செல்கின்றது.

ஆகவே அன்பர்களே, விஞ்ஞானக் கண்காட்சியோ செய்முறை விளக்கமோ நடத்துவோர், எத்துணை பேர் வந்தனர் என்று எண்ணுவதோடு அமையாது, வர இயலாதிருந்தவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். தமையன் தந்த சிலிங், வாடிக்கையாளர் தந்த சீட்டு, ஆசிரியை சொன்ன ஒரு நூற்பெயர்: இவையாவும் சிறு உதவிகளே. அவற்றைப் பெற்றோருள் எவர் பரடே ஆவார் என்பதைக் கொடுத்தவர் எவரும் முன்னறிந்திலர். அறியாமலே கொடுத்தனர், உலகம் பெற்றது.