மின்கார் வரித் தள்ளுபடி (அமெரிக்கா)

அமெரிக்காவில் மின்கார் வாங்கியவர்களுக்குக் கூட்டாட்சி அரசு வருமான வரியில் விட்டுக்கொடுத்த தொகை. புதிய காருக்கு அதிகபட்சம் 7,500 டாலர். ஒருவர் ஓட்டி விற்ற பழைய காருக்கு 4,000 டாலர். அந்நாட்டு வருமான வரிச் சட்டத் தொகுப்பில் 30டி பிரிவு புதிய கார்களுக்கும், 25இ பிரிவு பழைய கார்களுக்கும், 45டபிள்யூ பிரிவு நிறுவனங்கள் வாங்கும் வாகனங்களுக்கும் உரியவை. 2025 செப்டம்பர் 30க்குப் பின் வாங்கிய வாகனங்களுக்கு மூன்றும் கிடையாது. மின்கலத்தோடு பெட்ரோல் எஞ்சினும் கொண்ட, வெளியிலிருந்து மின்னேற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் இதற்குள் அடங்கின.

இதை மானியம் என்று சொல்வது வழக்கம். ஆனால் 2023 வரை அரசு பணத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. வர வேண்டிய வரியை வாங்காமல் விட்டது. செலவுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் உறுப்பினர்கள்கூட வரியைக் குறைக்கும் மசோதாவுக்குக் கை தூக்கிவிடுவார்கள் என்பதால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இந்த வழி எப்போதும் எளிது. அந்த வசதிக்கான விலையைக் குறைந்த வருமானக்காரர்கள் கொடுத்தார்கள்.

வரியில் கழியும் விதம்

வரிக் கழிவும் வரித் தள்ளுபடியும் ஒன்றல்ல. கழிவு வருமானத்திலிருந்து குறையும். 22 விழுக்காடு வரி வரம்பில் இருப்பவருக்கு 7,500 டாலர் கழிவு கிடைத்தால் மிச்சமாவது 1,650 டாலர்தான். தள்ளுபடியோ கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் குறையும்: 7,500 என்றால் முழு 7,500.

ஆனால் அந்த அளவுக்கு வரி இருந்தால்தான். 30டி, திருப்பித் தரப்படாத வகையைச் சேர்ந்தது. வரியைப் பூஜ்யம் வரை இறக்கும். அதற்குக் கீழே போகாது. எஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆண்டு முழுவதற்கும் ஒருவருடைய வரி 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மின்கார் வாங்கினால் அந்த 5,000 மறையும். மீதி 2,500 வீண். அதே காரை வாங்கும் பக்கத்து வீட்டு மருத்துவருக்கு வரி 40,000 டாலர் என்றால் அவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும்.

இங்கே பலர் குழம்பினார்கள். அமெரிக்காவில் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிடுவார்கள்; ஏப்ரலில் கணக்குக் கொடுக்கும்போது அதிகம் பிடித்திருந்தால் திரும்ப வரும். ‘எனக்குத்தான் ஆண்டுதோறும் பணம் திரும்ப வருகிறதே, கட்ட வேண்டிய வரி ஏது? தள்ளுபடி எப்படிக் கிடைக்கும்?’ என்று கேட்டவர்கள் உண்டு. ஏப்ரலில் வருவதோ போவதோ இங்கே கணக்கில்லை. பிடித்ததையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஆண்டு வருமானத்துக்கு மொத்தம் எவ்வளவு வரி என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதலாமவரிடம் 5,500 டாலர் பிடித்திருந்தால், வழக்கமாகத் திரும்புவது 500. மின்கார் வாங்கிய ஆண்டில் 5,500. கோருவதற்கு 8936 எண் படிவம்.

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் செவரின் போரன்ஸ்டைனும் லூகாஸ் டேவிஸும் வரிக் கணக்குத் தரவுகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தூய ஆற்றலுக்கான வரித் தள்ளுபடிகளில் சுமார் 60 விழுக்காடு மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போயிருந்தது. மின்காரை மட்டும் எடுத்தால் சுமார் 90 விழுக்காடு. புதுக் கார் வாங்குபவர்களே வசதியானவர்கள் என்பது ஒரு காரணம். வரி கட்டுபவருக்கே வரித் தள்ளுபடி என்ற அமைப்பு மற்றொன்று.

தோற்றமும் 2 லட்சம் வரம்பும்

மின் வாகனத்துக்கு வரிச் சலுகை தரும் எண்ணம் 1992ஆம் ஆண்டின் ஆற்றல் கொள்கைச் சட்டத்திலேயே உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஹைபிரிட் கார்களுக்குச் சலுகை தந்தது. 30டி பிறந்தது 2008 அக்டோபரில். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நாள்களில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட நிதி மீட்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பிரிவு இது. மறு ஆண்டு ஒபாமா காலத்துப் பொருளாதார ஊக்கச் சட்டம் அதைத் திருத்தியது.

திருத்திய கணக்கு மின்கலத்தின் கொள்ளளவை வைத்து அமைந்தது. அடிப்படைத் தொகை 2,500 டாலர். மின்கலம் 5 கிலோவாட் மணி இருந்தால் கூடுதலாக 417. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் இன்னொரு 417. கூடுதல் தொகைக்கு உச்சவரம்பு 5,000. கூட்டிப் பார்த்தால் 16 கிலோவாட் மணியில் முழு 7,500 வந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 2010 இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த செவ்ரோலே வோல்ட்டின் மின்கலம் சரியாக 16 கிலோவாட் மணி. தற்செயல் என்று நம்ப விரும்புவோர் நம்பலாம். 4.4 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட டொயோட்டாவின் பிளக்-இன் பிரியஸுக்கு 2,500 மட்டுமே கிடைத்தது.

ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் 2 லட்சம் வாகனங்கள் என்ற எல்லையும் இருந்தது. அதைத் தொட்டதும் சலுகை உடனே நிற்காது. அடுத்த காலாண்டு முடியும்வரை முழுத்தொகை, பின்னர் இரண்டு காலாண்டுகளுக்குப் பாதி, இன்னும் இரண்டு காலாண்டுகளுக்குக் கால் பங்கு, அதன்பின் ஒன்றுமில்லை. டெஸ்லா 2018 ஜூலையில் எல்லையைத் தொட்டது. 2019 ஜனவரியில் 3,750, ஜூலையில் 1,875, 2020 பிறந்தபோது பூஜ்யம். ஜெனரல் மோட்டார்ஸ் மூன்று மாதம் பின்னால் அதே படிகளில் இறங்கியது. விளைவு விசித்திரமானது. முதலில் துணிந்து இறங்கிய இரண்டு உள்நாட்டு நிறுவனங்களுக்குச் சலுகை இல்லை. தாமதமாக வந்த ஜெர்மானிய, கொரிய நிறுவனங்களின் கார்களுக்கு முழுச் சலுகை. புதிய தொழிலை நடைவண்டிப் பருவத்தில் தாங்கிவிட்டு விடுவதே நோக்கம் என்பது வாதம். ஆனால் பலமாக ஓடியவனிடமிருந்துதான் முதலில் பிடுங்கப்பட்டது.

2022ஆம் ஆண்டுச் சட்டம்

2022 ஆகஸ்ட் 16 அன்று ஜோ பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் இந்த எல்லையை நீக்கியது. வேறு பல எல்லைகளைக் கொண்டுவந்தது. செனட்டில் 50க்கு 50 என்று நின்ற வாக்கெடுப்பைத் துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸின் வாக்கு தீர்த்துவைத்தது. ஒரு வாக்குக்கும் விலையிருந்த அவையில் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சின் கேட்டவை சட்டத்தில் ஏறின. மின்கல விநியோகச் சங்கிலியைச் சீனாவிடமிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவற்றில் தலையாயது. அதுவரை எரிபொருள் சிக்கனத்துக்காக இருந்த சலுகை அன்று முதல் தொழிற்கொள்கைக் கருவியாக மாறியது. வாங்குபவர் கண்ணில் பட்டதெல்லாம் 7,500 என்ற பழைய எண்தான். அதன் அடியில் இருந்த சட்டம் முற்றிலும் வேறு.

முதல் நிபந்தனை கையெழுத்தான அன்றே நடைமுறைக்கு வந்தது: பாகங்களைச் சேர்த்துக் கார் இறுதியாகப் பூட்டப்படும் ஆலை வட அமெரிக்காவில் இருக்க வேண்டும். கொரியாவிலிருந்து கப்பலில் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 ஆகியவை ஒரே நாளில் பட்டியலிலிருந்து விழுந்தன. சியோலில் கோபம் கொந்தளித்தது. பூட்டிய நாட்டை வாங்குபவரே வாகன அடையாள எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ.

2023 ஜனவரி முதல் விலைக்கும் வருமானத்துக்கும் வரம்பு வந்தது. வேன், எஸ்.யூ.வி., பிக்கப் டிரக் ஆகியவற்றின் பட்டியல் விலை 80,000 டாலரையும், மற்றக் கார்களின் விலை 55,000 டாலரையும் தாண்டக் கூடாது. ஆண்டு வருமானம், கூட்டாகக் கணக்குக் கொடுக்கும் தம்பதிக்கு 3 லட்சம் டாலர், குடும்பத் தலைவர் என்ற வகைக்கு 2.25 லட்சம், ஏனையோருக்கு 1.5 லட்சம். கார் கைக்கு வந்த ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு இரண்டில் எதில் வருமானம் குறைவோ அதைக் காட்டலாம். குடியுரிமை கேட்கப்படவில்லை; பணி விசாவில் இருந்துகொண்டு அங்கே வரி கட்டும் வெளிநாட்டவரும் பெற முடிந்தது. கார் பெரும்பாலும் அமெரிக்காவில் ஓட வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

எது எஸ்.யூ.வி. என்பதில் முதல் மாதமே தகராறு. டெஸ்லாவின் மாடல் ஒய், ஏழு இருக்கையோடு வந்தால் எஸ்.யூ.வி., ஐந்து இருக்கையோடு வந்தால் வெறும் கார் என்று வகைப்படுத்தப்பட்டது. டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். நிறுவனம் ஜனவரி நடுவில் விலையைக் கணிசமாகக் குறைத்தது. பிப்ரவரி 3 அன்று கருவூலத் துறை வரையறையை மாற்றி, கார் ஷோரூமில் ஒட்டியிருக்கும் எரிபொருள் சிக்கனச் சீட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு என்றது.

2023 ஏப்ரல் 18 முதல் 7,500 இரண்டாகப் பிளந்தது. மின்கலத்திலுள்ள லித்தியம், நிக்கல், கோபால்ட் போன்ற முக்கியக் கனிமங்களில், மதிப்பில் குறிப்பிட்ட பங்கு, அமெரிக்காவிலோ அதனுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள நாட்டிலோ எடுக்கப்பட்டோ பதப்படுத்தப்பட்டோ இருந்தால், அல்லது வட அமெரிக்காவில் மறுசுழற்சி செய்யப்பட்டிருந்தால் 3,750. அந்தப் பங்கு 2023இல் 40 விழுக்காடு, 2024இல் 50, 2025இல் 60. மின்கலப் பாகங்களில் குறிப்பிட்ட பங்கு வட அமெரிக்காவில் செய்யப்பட்டிருந்தால் இன்னொரு 3,750. இது 50 விழுக்காட்டில் தொடங்கி 2029இல் 100ஐத் தொட வேண்டும் என்பது திட்டம். அதற்கும் மேலே இன்னொரு வேலி: சீனா, ரஷ்யா, வட கொரியா, ஈரான் அரசுகளின் பிடியில் உள்ள நிறுவனங்கள் செய்த பாகங்கள் இருந்தால் 2024 முதலும், கனிமங்கள் இருந்தால் 2025 முதலும் ஒரு டாலரும் கிடையாது. 2024 பிறந்ததும் தகுதிப் பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கியது. டெஸ்லா மாடல் 3 வகைகள் சிலவும் மெக்சிகோவில் பூட்டப்படும் ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ காரும் விழுந்தவற்றில் அடக்கம். டிசம்பரில் தகுதி பெற்றிருந்த அதே கார் ஜனவரியில் தகுதி இழந்ததை விளக்கிச் சொல்லும் வேலை விற்பனையாளர் தலையில் விழுந்தது.

லீஸ் வழி

இத்தனை வேலிகளுக்கும் பக்கத்திலேயே ஒரு திறந்த கதவு இருந்தது. 45டபிள்யூ பிரிவில் வணிக வாகனங்களுக்குப் பூட்டிய இடம், கனிமம், பாகம், விலை, வருமானம் என்று எந்த நிபந்தனையும் இருக்கவில்லை. 2022 டிசம்பர் இறுதியில் கருவூலத் துறை, லீஸ் நிறுவனம் காரை வாங்கி வாடிக்கையாளருக்குக் குத்தகைக்கு விட்டால் அதுவும் வணிகப் பயன்பாடே என்று விளக்கம் தந்தது. கொரியக் காரானாலும் ஜெர்மானியக் காரானாலும் லீஸில் எடுத்தால் 7,500 வந்தது. அது சட்டப்படி லீஸ் நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. மாதத் தவணையில் கழித்துக் கொடுப்பது அதன் விருப்பமாக இருந்தது. போட்டி காரணமாகப் பல நிறுவனங்கள் கொடுத்தன. கார்களைச் சொந்தமாக வாங்கிப் பழகியவர்களும் லீஸுக்குத் திரும்பினார்கள். மான்சின் கொதித்தார். அவர் எழுதிச் சேர்த்த நிபந்தனைகளில் பெரும்பகுதியை இந்த ஒரு விளக்கம் செல்லாக்காசாக்கிவிட்டது என்பது மிகையல்ல.

பழைய காருக்கான 25இ இவற்றோடு ஒப்பிட்டால் எளிதாக இருந்தது. விலையில் 30 விழுக்காடு, அதிகபட்சம் 4,000. கார் 25,000 டாலருக்குள் இருக்க வேண்டும், மாடல் குறைந்தது இரண்டு ஆண்டு பழையதாக இருக்க வேண்டும், டீலரிடமே வாங்க வேண்டும் என்று இருந்தது. வருமான வரம்பு புதிய காருக்குரியதில் பாதி. தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடையிலேயே கழித்தல்

2024 ஜனவரியில் வந்த மாற்றம் அதுவரை இருந்த அநீதியைப் பெருமளவு தீர்த்தது. வாங்குபவர் தம் தள்ளுபடியை டீலருக்கு மாற்றிக் கொடுக்கலாம். டீலர் அந்தத் தொகையை விலையிலோ முன்பணத்திலோ கழித்துவிட்டு அரசிடம் பெற்றுக்கொள்வார். இப்படி மாற்றியவரின் ஆண்டு வரி 7,500க்குக் குறைவாக இருந்தாலும் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வரித்துறை அறிவித்தது. 5,000 டாலர் வரிக்காரருக்கும் மருத்துவருக்கும் அன்றுதான் ஒரே தொகை கிடைத்தது. 15 ஆண்டுக்கு மேல் கழித்து. ஆனால் வருமான வரம்பு மீறியது பின்னர் தெரியவந்தால் முழுத்தொகையையும் வரிக் கணக்கோடு திருப்பிக் கட்ட வேண்டும். விற்பனைக் கவுண்டரில் வாங்குபவர் கையெழுத்திட்ட உறுதிமொழிகளில் அதுவும் ஒன்று.

டீலர் வரித்துறையின் இணையதளத்தில் பதிந்து, விற்ற மூன்று நாளுக்குள் விவரம் அனுப்ப வேண்டியிருந்தது. அது போய்ச் சேராவிட்டால், தள்ளுபடியைக் கடையில் வாங்காமல் வரிக் கணக்கில் கோரலாம் என்று நினைத்தவருக்கும் கிடைக்கவில்லை. 2024இல் கார் வாங்கிய பலருக்கு 2025இல் கணக்குக் கொடுத்தபோதுதான் டீலர் ஒன்றுமே அனுப்பவில்லை என்று தெரிந்தது. பின்னர் வரித்துறை, விடுபட்ட விவரங்களைத் தாமதமாக அனுப்ப டீலர்களுக்கு வழி திறந்துவிட்டது.

முடிவு

2025 ஜூலை 4 அன்று டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட, ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ எனப் பெயர் பெற்ற சட்டம் மூன்று பிரிவுகளுக்கும் செப்டம்பர் 30 என்று கெடு வைத்தது. முந்தைய சட்டத்தின்படி அவை 2032 வரை நீடித்திருக்க வேண்டும். செனட்டில் இதற்கும் 50க்கு 50. இம்முறை சமநிலையை உடைத்தவர் துணைக் குடியரசுத் தலைவர் ஜே.டி. வான்ஸ். கெடுவுக்குள் கார் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தேதிக்குள் கட்டுப்படுத்தும் எழுத்து ஒப்பந்தம் செய்து ஏதேனும் ஒரு தொகையும் கொடுத்திருந்தால், கார் பின்னர் வந்தாலும் உரிமை உண்டு என்று ஆகஸ்டில் வரித்துறை விளக்கியது. கடைசி மூன்று மாதங்களில் வாங்குவோர் முண்டியடிக்க, மின்கார் விற்பனை அதுவரை காணாத உச்சத்துக்குப் போய் அக்டோபரில் சரிந்தது. ஹூண்டாய் தன் 2026 மாடல் ஐயோனிக் 5 காரின் விலையை 9,800 டாலர் வரை குறைத்தது. போன தள்ளுபடியைவிட அது அதிகம்.

வீட்டில் மின்னேற்றி பொருத்துவதற்கான 30சி சலுகை, செலவில் 30 விழுக்காடு, அதிகபட்சம் 1,000 டாலர், குறைந்த வருமானப் பகுதிகளிலும் நகர்ப்புறம் அல்லாத பகுதிகளிலும் மட்டும் என்ற நிபந்தனையோடு, 2026 ஜூன் 30 வரை பயன்பாட்டுக்கு வந்தவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதே சட்டம் புதிதாகக் கொடுத்தது கார்க் கடன் வட்டிக்கான கழிவு: 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 10,000 டாலர் வரையிலான வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். இதற்குக் கார் அமெரிக்காவில் இறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மெக்சிகோவும் கனடாவும் போதாது. மின்காரோ பெட்ரோல் காரோ, வேறுபாடு இல்லை.